காலையில் காணாமல் போகும் நோய்... 14 மாதங்கள் கழித்துக் கிடைத்த பெயர்!

காலை பத்து மணிக்கு அவரைப் பார்க்கிற யாரும் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நம்ப மாட்டார்கள். தலை பின்னி, புடவைக்குப் பின் குத்தி, முதல் பீரியடில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது குரல் கடைசி பெஞ்ச் வரை கணீரென்று கேட்கும். மாலை நான்கு மணிக்கு அதே ஆசிரியை வேறு ஆளாக இருப்பார். இடது கண் இமை பாதிக்கு இறங்கியிருக்கும். பேச்சு மூக்கால் வரும். கரும்பலகையின் மேல் வரியில் எழுதத் தூக்கிய கை, எழுதி முடிக்கும் முன்பே கீழே வந்துவிடும்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. அவருக்கு வயது 32. கணவருக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. எட்டு வயதில் ஒரு மகள். கூடவே மாமியார். ஊரில் பலருக்கு இன்னும் விஷயம் தெரியாது என்பதால், பெயர் மட்டும் வேண்டாம். அவருக்கு வந்திருப்பது என்ன நோய் என்று தெரிய 14 மாதங்கள் ஆயின.

"மிஸ், உங்க ஒரு கண்ணு தூங்குது!"

முதலில் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். கடைசி பீரியடில் ஒரு வாண்டு எழுந்து, "மிஸ், உங்க ஒரு கண்ணு தூங்குது" என்றதும் வகுப்பே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். உதட்டின் ஓரங்கள் மேலே ஏறவில்லை. ஸ்டாஃப் ரூம் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தால், கோபத்தில் உறுமுவது போல இருந்தது முகம்.

காலை நாலரை மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஓடுகிற உடம்பு, தூக்கம் போதவில்லை என்று நினைத்தார். ஞாயிறு முழுக்கப் படுத்துத் தூங்கினார். திங்கட்கிழமை காலை எல்லாம் சரியாக இருந்தது. 'நினைத்தது சரிதான்' என்று நிம்மதியானார். புதன்கிழமை மாலை இமை மறுபடி இறங்கியது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது எதிரே வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒரு பஸ். அப்படியே ஒற்றைக் கண்ணால் ஓட்டி வந்து சேர்ந்தார். இரவுச் சாப்பாட்டில் முதல் தோசை இறங்கும். இரண்டாவது தோசைக்குத் தாடை ஓய்ந்துவிடும். கையால் தாடையைத் தாங்கிக்கொண்டுதான் மென்றார். ஒருநாள் குடித்த ரசம் மூக்கு வழியாக வந்தது. மாடியில் துணி காயப்போடக் கை தூக்கினால், நாலாவது துணிக்கு மேல் கை ஏறவில்லை.

"பள்ளிக்கூடத்துல எட்டு மணி நேரம் கத்த முடியுது. வீட்டுக்கு வந்து நாலு தோசை ஊத்த முடியலையாம்மா?" என்று மாமியார் கேட்டார். கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். அவரிடமும் பதில் இல்லை. காலையில் முடிந்தது மாலையில் ஏன் முடியவில்லை என்று அவருக்கே தெரியவில்லையே!

டாக்டர் பார்க்கும்போது நோய் இல்லை

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். ரத்தம் கொஞ்சம் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டார். தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. கண் டாக்டரிடம் சனிக்கிழமை காலை டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் நாற்காலியில் கண்ணை மூடிக் காத்திருந்து உள்ளே போனபோது இமை நன்றாகத் திறந்திருந்தது. கண்ணாடி பவர் மட்டும் மாறியது.

இன்னொரு டாக்டர், அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணவரிடம், "வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டார். மன அழுத்தம் என்று சொல்லித் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாமியார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார், சுவாமிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார்.

யாரும் அலட்சியமாக இருந்துவிடவில்லை. டாக்டர்கள் அவரைப் பார்த்த எல்லா நேரமும் காலை நேரம். அதுவும், காத்திருந்து ஓய்வெடுத்த பிறகு. மாலையில் வரும் நோயைக் காலையில் போய்த் தேடிக்கொண்டிருந்தார்கள். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் சோம்பேறி ஆயிட்டேனோன்னு நினைச்சேன்" என்கிறார் அவர். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்.

ஐந்து நாள் மாத்திரை, இரண்டாம் நாள் விபரீதம்

பதினான்காவது மாதம் சிறுநீரில் எரிச்சல். மருந்துக் கடையில் சொல்லி, சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரை ஐந்து நாளுக்கு வாங்கினார்கள். இரண்டாம் நாள் இரவு, தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. தலை முன்பக்கம் தொங்கிப் போனது. நெற்றியைக் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மணி இரவு ஒன்பது.

அன்றைக்கு டியூட்டியில் இருந்தது ஓர் இளம் டாக்டர். இந்த 14 மாதங்களில் அவரை இரவில் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். "இது எப்பவும் இப்படியா, இல்ல சாயங்காலம் ஆனாதான் இப்படியா?" என்று கேட்டார். யாருமே கேட்காத கேள்வி அது.

கணவர் செல்போனை எடுத்தார். மகள் விளையாட்டாக எடுத்து வைத்திருந்த படங்கள் அதில் இருந்தன. காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும் அம்மா. அதே நாள் மாலை ஆறரைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் அம்மா. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த டாக்டர், அந்த மாத்திரையை உடனே நிறுத்தினார். மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்றிரவே தஞ்சாவூரில் உள்ள நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி வைத்தார்.

ஒரு ஐஸ் பையில் தெரிந்த உண்மை

நரம்பியல் மருத்துவர் முதலில் எந்த மிஷினையும் தொடவில்லை. "மேல ஃபேனைப் பாருங்கம்மா, கண்ணைக் கீழே இறக்காதீங்க" என்றார். ஒரு நிமிடத்துக்குள் இமை மெதுவாக இறங்கியது. ஒன்றிலிருந்து 50 வரை சத்தமாக எண்ணச் சொன்னார். இருபதைத் தாண்டியதும் குரல் மூக்குக்குள் போனது.

பிறகு ஒரு ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு, மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை மேலே ஏறியிருந்தது. பக்கத்தில் நின்ற கணவருக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. மாதக்கணக்கில் மாத்திரைக்கு அசையாத இமை, ஐஸுக்கு அசைந்தது.

அடுத்து நரம்புப் பரிசோதனை. ஒரு நரம்பில் விநாடிக்கு மூன்று முறை வீதம் லேசான மின்தூண்டல் கொடுத்து, தசை எவ்வளவு பலமாகப் பதில் சொல்கிறது என்று கணினியில் பார்ப்பார்கள். ஆரோக்கியமான தசை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பதில் தரும். அவருடைய வரைபடத்தில் முதல் பதிலைவிட நாலாவது பதில் 10 சதவிகிதத்துக்கும் மேல் சரிந்திருந்தது. ரத்தத்தில் எதிரணுக்கள் இருக்கின்றனவா என்று அறிய மாதிரி அனுப்பினார்கள். நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சில நாள்களில் ரத்த முடிவும் வந்தது.

மயஸ்தீனியா கிராவிஸ்.

போனில் மாமியாரிடம் பெயரைச் சொன்னார்கள். அவர் வாயில் அது நுழையவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்போ நெசமாவே உடம்புக்குத்தானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் மருமகள் உடைந்து அழுதது. நோய் வந்ததற்கான அழுகை இல்லை அது. தான் நடிக்கவில்லை என்று நிரூபணமானதற்கு!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கையைத் தூக்கு என்று மூளை சொல்வது நரம்பு வழியாகத் தசை வரை வரும். ஆனால், நரம்பும் தசையும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வெளியிட, தசையில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். உடனே தசை சுருங்கும்.

மயஸ்தீனியாவில், கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் இந்த ஏற்பிகளையே தாக்குகிறது. தபால்காரர் கடிதத்தோடு வருகிறார். பாதி வீடுகளின் கதவு ஆணி அடித்து மூடிக் கிடக்கிறது. ஓய்வெடுத்து எழுந்த காலையில் நரம்பு முனையில் ரசாயனம் நிறைய இருப்பதால், மிச்சமிருக்கும் கதவுகளை வைத்தே வேலை நடந்துவிடும். திரும்பத் திரும்ப வேலை செய்யும்போது, ஒவ்வொரு முறை வெளியாகும் அளவும் குறைந்துகொண்டே வரும். மற்றவர்களுக்கு ஏற்பிகள் தாராளமாக இருப்பதால் அது தெரியாது. இவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் முதல் தோசை இறங்கியது, இரண்டாவது இறங்கவில்லை.

ஐஸ் ரகசியமும் இதிலேயே இருக்கிறது. அந்த ரசாயனத்தைச் சிதைக்கும் நொதி, குளிரில் மெதுவாக வேலை செய்யும். கிடைத்த ரசாயனம் கொஞ்சம் அதிக நேரம் தங்கும். இமை ஏறும்.

பக்கத்து வீட்டில், "சமந்தாவுக்கு வந்ததே, அதுவா?" என்று கேட்டார்களாம். நடிகை சமந்தா 2022-ல் தனக்கு இருப்பதாகச் சொன்னது மயோசைடிஸ். அது தசையிலேயே ஏற்படும் அழற்சி. மயஸ்தீனியாவில் தசை நன்றாக இருக்கும், நரம்பு தசையைத் தொடும் இடத்தில்தான் கோளாறு. இதே மயஸ்தீனியா, 'கூலி' படப்பிடிப்பில் அடிபட்டு மீண்டுவந்த அமிதாப் பச்சனுக்கு 1984-ல் கண்டறியப்பட்டது. அதன் பிறகும் பல்லாண்டுகளாக நடித்துக்கொண்டிருக்கிறார் அவர்.

350 வருடங்களுக்கு முன்பும் ஒரு பெண்

இந்த நோய்க்கும் மாலை நேரத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1672-ல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், ஒரு பெண்ணைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தொடர்ந்து பேசினால் குரல் அடைத்து, ஓரிரு மணி நேரம் பேசவே முடியாமல் போய்விடுமாம் அந்தப் பெண்ணுக்கு. பிறகு தானாகத் திரும்பும்.

மருந்து வர மேலும் 262 ஆண்டுகள் ஆயின. 1934-ல் லண்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், இந்த நோயாளிகளின் நிலை, அம்புகளில் தடவும் க்யூராரே விஷம் ஏறியவர்களின் நிலையைப் போலவே இருப்பதைக் கவனித்தார். அந்த விஷத்துக்கு முறிவாகப் பயன்படும் மருந்தையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். நோயாளியின் இமை திறந்தது. இன்றைக்கு இவர்கள் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, அந்தக் குடும்பத்தில் வந்ததுதான்.

மாத்திரைக்கு ஏற்ற மணிக்கணக்கு

பைரிடோஸ்டிக்மின் சுமார் அரை மணி நேரத்தில் வேலையைக் காட்டும். மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். நோயைக் குணமாக்காது, கிடைக்கிற ரசாயனத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிறுத்தி வைக்கும். நோய் எதிர்ப்பு சக்தியின் வேகத்தை அடக்க ஸ்டீராய்டும், தேவைப்பட்டால் அசதயோபிரின் போன்ற மருந்துகளும் தருவார்கள். ஸ்டீராய்டு ஆரம்பித்த முதல் வாரங்களில் சிலருக்குப் பலவீனம் கூடலாம் என்பதால் டாக்டரின் கண்காணிப்பு முக்கியம்.

அவருடைய ஸ்கேனில், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி பெரிதாக இருந்தது. கட்டி இல்லை. மயஸ்தீனியா உள்ளவர்களில் 10 முதல் 15 சதவிகிதம் பேருக்கு அந்தச் சுரப்பியில் கட்டி இருக்கலாம். அதனால்தான் எல்லோருக்கும் நெஞ்சு ஸ்கேன். கட்டி இல்லாவிட்டாலும், எதிரணுக்கள் இருக்கும் நோயாளிகளுக்குச் சுரப்பியை எடுத்துவிடுவது பலன் தருகிறது என்று 126 நோயாளிகளை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வு 2016-ல் காட்டியது. அவருக்கும் கோடை விடுமுறையில் ஆபரேஷன் என்று முடிவாகியிருக்கிறது. பயம் இருக்கிறது. "நெஞ்சைத் திறப்பாங்களா, ஓட்டை போட்டுப் பண்ணுவாங்களான்னு பொண்ணு கேக்குறா. நானே இன்னும் டாக்டர்கிட்ட கேக்கல" என்கிறார்.

இதற்கிடையில் வாழ்க்கை, மாத்திரை நேரத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது. தலைமை ஆசிரியையிடம் பேசி, வாய்விட்டுப் படிக்கும் பாடங்களைக் காலை பீரியடுகளுக்கு மாற்றிக்கொண்டார். மதியத்துக்கு மேல் நோட்டுத் திருத்தும் வேலை. வீட்டில் இரவுச் சாப்பாடு எப்போது என்பதை முடிவு செய்வது இப்போது மாமியார். ஏழு மணிக்கு மருமகள் மாத்திரை போட்டதைப் பார்த்த பிறகு, ஏழரைக்குத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறார். ஸ்கூட்டி மட்டும் இன்னும் கணவரிடம்தான்.

டாக்டரிடம் மாலை நேரத்தைக் கொண்டுபோங்கள்

மயஸ்தீனியா அபூர்வமான நோய்தான். தொற்றாது. 40 வயதுக்குள் பெண்களுக்கும், 60-ஐத் தாண்டிய ஆண்களுக்கும் அதிகம் வருகிறது. தாத்தாவின் கண் இமை இறங்கினால் 'வயசாயிடுச்சு' என்றும், அம்மாவின் கை ஓய்ந்தால் 'ரத்தம் இல்லை' என்றும் விட்டுவிடுவது எளிது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் அறிகுறி கண்ணில்தான் தொடங்குகிறது.

இமை இறங்குவது, இரண்டாகத் தெரிவது, பேசப் பேசக் குரல் மாறுவது, மெல்ல மெல்லத் தாடை ஓய்வது, ஓய்வெடுத்தால் சரியாவது. இவை வந்து வந்து போனால், எந்த நேரத்தில், எந்த வேலைக்குப் பிறகு என்று குறித்து வையுங்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம். பேசும்போது ஒரு நிமிட வீடியோ. முடிந்தால் மாலை நேர அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். உடல் முழுக்கப் பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 85 சதவிகிதம் பேருக்கு ரத்தத்தில் அந்த ஏற்பிகளைத் தாக்கும் எதிரணுக்கள் தெரியும். கண்ணில் மட்டும் பாதிப்பு இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று வந்ததும் விட்டுவிட வேண்டாம்.

நோய் உறுதியானவர்கள், எந்த டாக்டரிடம், எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், மக்னீசியம் ஊசி ஆகியவை பலவீனத்தைத் திடீரென்று கூட்டலாம். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது, நரம்பியல் மருத்துவரைக் கேட்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாமல் திணறுவது ஆகியவை வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. அது மூச்சுத் தசைகள் ஓயத் தொடங்கியதன் அடையாளம். உடனே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் ஒருவர், "காலையில நல்லாத்தான் இருந்தேன், இப்ப முடியல" என்று சொன்னால், முதல் முறை விட்டுவிடலாம். அதையே நாலு நாள் சொன்னால், மணி என்ன என்று பார்த்து எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.